கிரயமா, குத்தகையா? கணினி விளையாட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு மா நிலம் வாங்குகிறவர்கூட மூலப்பத்திரத்தைப் பார்க்காமல், வில்லங்கச் சான்று போடாமல், முன்பணம் கொடுப்பதில்லை. கிரயம் வேறு, போக்கியம் வேறு, குத்தகை வேறு, வாரம் வேறு என்பது டெல்டாவில் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பாட்டிக்கும் தெரியும். ஆனால் அதே வீட்டுப் பிள்ளை, ‘வாங்கு’ என்று எழுதிய பொத்தானை நம்பி மூவாயிரம் ரூபாயைக் கணினி விளையாட்டுக்குச் செலுத்தும்போது, கைக்கு வருவது கிரயமா குத்தகையா என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. கணினி பழுதுபார்ப்பது என் தொழில். வாங்கிய விளையாட்டு திறக்கவில்லை என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், பழுது கணினியில் இல்லை, நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய நாள்கள் கூடிக்கொண்டே போவதால், நிலத்துக்குப் பார்ப்பது போலவே விளையாட்டுக்கும் வில்லங்கம் பார்ப்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இவ்வளவு எச்சரிக்கை ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்த சாலைகளில் தனியாகவே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்றாலும், அப்படித் தனியாக ஓட்டுவதற்கும் நிறுவனத்தின் சர்வர் என்ற மையக் கணினியோடு இணையத்தில் தொடர்பு இருந்தாக வேண்டும் என்று அதை அமைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வர் நிறுத்தப்பட்டது. முழு விலை கொடுத்து வட்டு வாங்கி வைத்திருந்தவருக்கும் அன்றோடு அது வெறும் தகடாகிவிட்டது. அதன் பிறகு, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அதை ஆடும் உரிமத்தையும் விலக்கினார்கள். இதை எதிர்த்து ராஸ் ஸ்காட் என்பவர் அந்த ஏப்ரலிலேயே தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன.

எல்லா மென்பொருளுமே உரிமம்தான், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். குத்தகை என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் மண்ணில் குத்தகைக்கே ஒரு வரலாறு உண்டு. மிராசுதார் நினைத்த நாளில் சாகுபடி செய்தவரை வெளியேற்றலாம் என்றிருந்த தஞ்சாவூர் மாவட்டத்தில், 1952ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் வந்த பிறகே, குத்தகையை ஒழுங்காக அளந்தவரைக் காரணமின்றி இறக்கிவிட முடியாது என்ற நிலை ஏற்பட்டது. விளையாட்டு நிறுவனங்கள் இன்று நமக்குக் கொடுப்பது அந்தச் சட்டங்களுக்கு முந்தைய குத்தகை. அதையும் கிரயம் என்ற பெயரில் கொடுக்கின்றன என்பதே என் குறை. மாதச் சந்தாவில் விளையாடக் கொடுப்பவர்கள் வாடகை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். அவர்களிடம் எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

இனி, பார்க்க வேண்டிய முறை. கணினியில் விளையாடுவோரில் பெரும்பாலோர் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்குவதால் அதிலிருந்தே தொடங்கலாம். விளையாட்டின் பக்கத்தில் படங்களையும் பாராட்டுரைகளையும் விட்டுவிட்டு, வலது ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படிக்க வேண்டும். ‘சிங்கிள் பிளேயர்’ என்ற சொல் அங்கே இருக்கிறதா, வேறொரு நிறுவனத்தில் தனிக் கணக்குத் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறதா, டெனுவோ போன்ற டி.ஆர்.எம். பூட்டு (நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள்) சேர்க்கப்பட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் பாதி வில்லங்கம் தெரிந்துவிடும். சிங்கிள் பிளேயர் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. தி க்ரூவும் தனியாக ஆடக்கூடியதுதான். ஆகவே கீழே கணினித் தேவைகளைச் சொல்லும் பகுதியில் இணைய இணைப்பு எப்போதும் தேவை என்ற வரி இருக்கிறதா என்றும் தேட வேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் எந்தக் கடைப் பிரதியில் என்ன பூட்டு இருக்கிறது என்பதை ‘பிசி கேமிங் விக்கி’ என்ற இணையதளம் அட்டவணையாகத் தொகுத்து வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன் அதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இருந்தாலும் எழுதி வைத்ததை மட்டும் நம்பி நிலம் வாங்குவோர் இல்லை. வரப்பில் இறங்கி நடந்து பார்ப்பார்கள். விளையாட்டிலும் அப்படி நடந்து பார்ப்பதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. வாங்கிய 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால், ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்த 2 மணி நேரத்தை முழுக்கக் கதையில் செலவழித்துவிடாமல், முதல் அரை மணிக்குள் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். விளையாட்டை முழுவதும் இறக்கி, புதுப்பிப்புகளையும் முடித்து, இணையத்தோடு ஒருமுறை திறந்து மூடுங்கள். பிறகு ஸ்டீமை ஆஃப்லைன் நிலைக்கு மாற்றி, வீட்டு ரூட்டரையும் அணைத்துவிட்டு, கணினியை மறுபடி தொடங்கி விளையாட்டைத் திறந்து பாருங்கள். திறந்து, பழைய சேமிப்பிலிருந்து தொடரவும் முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். கணக்கில் நுழையச் சொல்லி நின்றுவிட்டால், அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

இந்தச் சோதனையை நான் கற்றுக்கொண்டது கஜா புயலின்போது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே புயல் கரையைக் கடந்த பிறகு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்பேசிக் கோபுரங்களும் செயலிழந்திருந்தன. தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு வந்து, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு, மிச்ச நேரத்தில் கைபேசிகளுக்குச் சார்ஜ் போட்டார்கள். சாய்ந்து கிடந்த தென்னைகளை அப்பா வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாள்களில், என் அக்காள் மகன் அந்த ஜெனரேட்டரில் மடிக்கணினிக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து திறந்தான். அவன் கணக்கில் பதினொரு விளையாட்டுகள் இருந்தன. மற்றவையெல்லாம் கடவுச்சொல்லைக் கேட்டு இணையத்தைத் தேடி நின்றுவிட, ஒன்றே ஒன்றுதான் திறந்தது. அவனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரும் பதினைந்து நாள்கள் அதையே மாறி மாறி ஆடினார்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருள் உண்மையில் தேவைப்பட்ட வேளையில் உதவாமல் போனதை அந்தப் பிள்ளையின் முகத்தில் பார்த்த பிறகு, இதை அற்ப விஷயம் என்று என்னால் எண்ண முடியவில்லை.

கிரயத்துக்கு மிக அருகில் வருவது, போலந்து நாட்டைச் சேர்ந்த ஜி.ஓ.ஜி. என்ற கடையின் முறை. சட்டப்படி பார்த்தால் அவர்களும் தருவது உரிமம்தான். ஆனால் பூட்டில்லாத நிறுவல் கோப்பையே கையில் கொடுத்துவிடுவதால், கடை நாளை மூடினாலும் உங்கள் வட்டில் இருப்பதை யாரும் வந்து எடுத்துப்போக முடியாது. ஒரே விளையாட்டு இரண்டு கடைகளிலும் இருந்தால், நூறு இருநூறு ரூபாய் கூடுதலானாலும் அங்கே வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. ஆனால் வாங்கிவிட்டு அப்படியே விட்டுவிட்டால் பயனில்லை. கணக்கின் நூலகப் பக்கத்தில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்று இருக்கும் கோப்புகள் அனைத்தையும் இறக்க வேண்டும். பெரிய விளையாட்டாக இருந்தால் அது ஒரு சிறிய நிறுவல் கோப்பாகவும், அதோடு சேர்ந்த பல பெரிய துண்டுகளாகவும் வரும். ஒரு துண்டு குறைந்தாலும் நிறுவ முடியாது என்பதால் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைக்க வேண்டும்.

ஸ்டீமில் வாங்கியவற்றிலும் பூட்டில்லாதவை கணிசமாக உண்டு. விளையாட்டின் கோப்புறையை வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, ஸ்டீமை முழுவதுமாக மூடிவிட்டு, உள்ளே இருக்கும் செயலியை நேரடியாகத் திறந்து பாருங்கள்; திறந்தால் அந்த நகலும் சேமித்து வைக்கத் தகுந்ததே. ஸ்டீமிலேயே இருக்கும் பேக்கப் வசதி இதற்கு மாற்றாகாது. அதை மீட்டெடுக்க மறுபடியும் ஸ்டீம் வேண்டும்.

சேமிக்கும் வட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. வெளியே இணைக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் போதுமானது. அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் வைப்பதற்கு எஸ்.எஸ்.டி.யை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் மின்சாரம் படாமல் நெடுங்காலம் கிடந்தால் அதில் பதிந்தவை அழியக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீட்டுச் சுவர்கள் ஈரம் உறிஞ்சுவது எல்லாரும் அறிந்ததே. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுகிய டப்பாவில் போட்டு, சுவரை ஒட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விதைநெல்லைக் கோட்டை கட்டியவர்கள் முழுவதையும் ஒரே மூலையில் வைத்ததில்லை. அதுபோல இரண்டாவது நகல் ஒன்றை உறவினர் வீட்டில் வைப்பது நல்லது. ஆட்டத்தில் எங்கே நிறுத்தினோம் என்பது பதிந்திருக்கும் சேமிப்புக் கோப்புகளையும் மறக்க வேண்டாம். பெரும்பாலானவை ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையிலோ, மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’ கோப்புறையிலோ இருக்கும்.

வட்டாகவோ அட்டையாகவோ வாங்கினால் பொருள் நம்முடையது என்ற எண்ணமும் இப்போது பழையதாகிவிட்டது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற விளையாட்டுக் கருவிக்கான ‘கேம் கீ’ அட்டைகளில் விளையாட்டே இருப்பதில்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான திறவுகோல் மட்டுமே இருக்கிறது. மேலுறையில் அச்சிட்டிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு விளையாட்டு மூடப்படுகிறது என்ற செய்தி வரும்போது பதறுவதற்கு முன், நிற்பது விற்பனையா, கூட்டாக ஆடும் வசதியா, விளையாட்டேவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கான கடையில் விற்பனை 2023 மார்ச் 27 அன்றும், இணைய ஆட்டம் 2024 ஏப்ரலிலும் நின்றன. வாங்கியதை மீண்டும் இறக்கும் வசதியை அப்போதும் நிறுத்தவில்லை. இணையம் வழியாகவே ஆடவைத்த கூகுளின் ஸ்டேடியா சேவை 2023 ஜனவரி 18 அன்று முழுவதுமாக மூடப்பட்டது. ஆனால் விளையாட்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், கைக்கருவியை வேறு கணினிகளில் புளூடூத் வழியாகப் பயன்படுத்தவும் வழி செய்தார்கள். ‘நாக்அவுட் சிட்டி’ என்ற விளையாட்டை உருவாக்கியவர்கள் அதே ஆண்டு ஜூனில் தங்கள் சர்வரை மூடும்போது, ஆடுவோர் சொந்தமாக சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பை வெளியிட்டுவிட்டுப் போனார்கள். ஆகவே இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனமிருந்தவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். யூபிசாஃப்ட்கூட, எதிர்ப்பு வலுத்த பிறகு, தி க்ரூ 2க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது.

கைபேசி விளையாட்டுகளுக்கு இந்தச் சோதனைகள் பெரும்பாலும் பொருந்தா. அங்கே கிரயம் என்பதே இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டதும், அதன் இடத்தில் 2021 ஜூலையில் வந்த பி.ஜி.எம்.ஐ. 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதத்தில் திரும்பியதும் நினைவிருக்கும். உடைக்கும் துப்பாக்கி நிறத்துக்கும் கட்டிய பணம் நிறுவனம், அரசு என்ற இருவரின் முடிவையும் நம்பி நிற்கிறது. கொட்டகையில் படம் பார்க்கக் கொடுக்கும் டிக்கெட் பணத்துக்கு மேல் அதில் போடக்கூடாது என்பது என் கருத்து. பிள்ளைகள் கையில் கைபேசி இருக்கும் வீட்டில், பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள். தவறி வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் விண்ணப்பித்தால் பணம் திரும்ப வாய்ப்பு உண்டு.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஸ்டீமும் 2024 அக்டோபரிலிருந்தே பணம் கட்டும் பக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்திருக்கிறது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஏமாற்றப்பட்டதாகக் கருதினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். வாங்கும் நாளிலேயே பில்லையும், கடைப் பக்கத்தில் அன்று எழுதியிருந்ததையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விளையாட்டுக் கோப்புகளோடு சேர்த்து அதே வட்டில் வைத்துவிடுங்கள்.

அந்த வட்டின் மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். ஸ்டீம் கணக்கை உயிலில் எழுதி யாருக்கும் மாற்ற முடியாது. பட்டா மாறுதல் இல்லாத சொத்து அது. பூட்டில்லாத கோப்புகள் நிறைந்த வட்டை உங்கள் தம்பியோ மகளோ நாளை எடுத்துத் திறந்தால் திறக்கும். தைப்பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது ஒருமுறை, ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வரும்போது ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை அதைக் கணினியில் இணைத்து, ரூட்டரை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு விளையாட்டை நிறுவித் திறந்து பார்த்துவிட்டு மறுபடி டப்பாவில் வையுங்கள்.