இங்கிலாந்துக்கு சுகர், பிரஷர் மாத்திரையோடு வருபவர்களுக்கு

பெட்டியில் ஆறு மாத மாத்திரையை அடுக்கிக்கொண்டுதான் நானும் வந்தேன். தீரும்போது டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். கடைசி அட்டை காலியான வாரம்தான் ஓடினேன். பதிவு, ரத்தப் பரிசோதனை என்று மருந்துச்சீட்டு கைக்கு வருவதற்குள் பத்து நாள் சுகர் மாத்திரை இல்லாமல் போனது. நீங்கள் அப்படி விடாதீர்கள், வந்த முதல் வாரமே ஜிபியிடம், அதாவது இங்குள்ள குடும்ப டாக்டரிடம், பதியுங்கள்.

ஊரில் போல நேரே சுகர் ஸ்பெஷலிஸ்டிடம் போய் டோக்கன் வாங்க முடியாது. சுகர், பிரஷர், தைராய்டு எல்லாவற்றையும் வருடக்கணக்கில் பார்ப்பது உங்கள் தெருப்பக்கத்து ஜிபி கிளினிக்தான். தேவைப்பட்டால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவார்கள். பதிவு இலவசம். முகவரிச் சான்றும் விசாவும் கட்டாயம் இல்லை. ரிசப்ஷனில் வேறு மாதிரி சொன்னால் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் சந்திப்புக்கு ஊர் ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். பிராண்ட் பெயர் இங்கே புரியாது, அட்டையில் சிறிதாக அச்சிட்டிருக்கும் மூலமருந்தின் (ஜெனரிக்) பெயரைக் காட்டுங்கள். இங்கே அளக்கும் அலகு வேறு என்பதால் எண்களும் மாறும். ஊரில் சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.2 என்று இருந்தால் இங்கே 55 என்று வரும். வெறும் வயிற்றுச் சுகர் 126 என்பது இங்கே 7. பார்த்துப் பயப்படவும் வேண்டாம், குறைந்துவிட்டது என்று மகிழவும் வேண்டாம்.

இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. சுகருக்கு மருந்து எடுப்பவர் கிளினிக்கில் கட்டண விலக்குப் படிவம் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு பிரஷர் மாத்திரை உட்பட எல்லா மருந்தும் இலவசம். பிரஷர் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த விலக்கு இல்லை. அவர்கள் மாதம் இரண்டு மூன்று மருந்து வாங்கினால், மருந்துக் கட்டணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டும் வருடச் சந்தா எடுப்பது மிச்சம்.

வருடம் ஒருமுறை சுகர்காரர்களைக் கூப்பிட்டு ரத்தம், சிறுநீர், பிரஷர், கொழுப்பு, எடை, பாதம் எல்லாம் பார்ப்பார்கள். கண் படம் எடுக்கத் தனிக் கடிதம் வரும். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணும் சிறுநீரகமும் வலித்துச் சொல்வதில்லை.

அப்புறம், முடிந்தவரை ஒரே டாக்டரைக் கேளுங்கள். நார்வேயில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரே குடும்ப டாக்டரிடம் இருந்தவர்கள் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வது, புதிதாகச் சேர்ந்தவர்களைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு. நம்மைத் தெரிந்தவருக்குத்தான் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும்.

அம்மா அப்பாவைக் கூட்டிப்போகும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அதுவும் இலவசம். பேரப்பிள்ளையை நடுவில் நிறுத்தினால் அம்மா இரவில் எத்தனை தடவை சிறுநீர் போகிறது என்பதைக்கூடச் சொல்லமாட்டார்.