தாத்தா காலத்து ரிவால்வரை வீட்டில் பராமரிப்பது

எங்கள் மாமனார் வீட்டில் பாயிண்ட் 32 வெப்லி கம்பெனி ரிவால்வர் ஒன்று இருக்கிறது. பர்மிங்காமில் செய்தது, அவருடைய அப்பா வாங்கியது. லைசென்ஸ் இப்போது மாமனார் பேரில். நான் அம்பத்தூரில் லேத் ஓட்டியவன் என்பதால் துடைக்கும் வேலை என் தலையில். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் கையில் எடுப்பேன்.

முதலில் சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியை ரிப்பேர் செய்து தரவும் தனி லைசென்ஸ் வேண்டும். ஸ்பிரிங் மாற்றுவது, ட்ரிகரைத் தேய்த்து லேசாக்குவது எல்லாம் லைசென்ஸ் உள்ள கடைக்காரர் வேலை. யூட்யூபில் வெள்ளைக்காரர் சமையலறை மேஜையில் செய்வதைப் பார்த்து இங்கே கை வைக்காதீர்கள். பரணில் லைசென்ஸே இல்லாத துப்பாக்கி கிடைத்தால் எண்ணெய் டப்பாவைத் தேடாமல் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள்.

சரி, நமக்கு மிச்சம் இருப்பது துருவை நிறுத்தும் வேலை. அதுவே பெசன்ட் நகர் உப்புக் காற்றில் போதும் போதும் என்றாகிவிடும்.

குழல் வாய் யாரையும் பார்க்காதபடி பிடித்து, இடப்பக்க நெம்பியைக் கட்டை விரலால் அழுத்தினால் குழல் முன்பக்கம் மடியும். ஆறு அறைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள், சுண்டு விரலாலும் தடவுங்கள். உள்ளே தோட்டா சிக்கியிருந்தால் குச்சியால் குத்தக் கூடாது; அன்றைய வேலை அதோடு முடிந்தது, கடைக்காரரைக் கூப்பிடுங்கள். துரு இறுகித் திறக்கவே மறுத்தாலும் அப்படித்தான்.

இனி துரு. இரும்பின் மேல் இருக்கும் கருநீலம் பெயிண்ட் இல்லை. அதுவும் ஒரு வகை இரும்பு ஆக்சைடுதான், இரும்பைக் காக்கும் வகை. சிவப்புத் துருதான் தின்னும். சிவப்பை மட்டும் எடுத்துக் கருநீலத்தை விட்டுவைக்க வேண்டும் என்பதால் உப்புத் தாளும் எலுமிச்சம்பழமும் ஆகாது. துரு மேல் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் பழைய காலணாக் காசின் விளிம்பைச் சாய்த்து, அழுத்தாமல் சுரண்டுங்கள். செம்பும் வெண்கலமும் எஃகைவிட மெத்து. அதனால் துரு மட்டும் செங்கல் நிறக் குழம்பாகக் கிளம்பி வரும். பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்து மறுபடி எண்ணெய் விடுங்கள். துணியில் சிவப்புப் படிவது நின்றதும் நிறுத்திவிடுங்கள். அடியில் தெரியும் சின்னக் குழிகள் அப்படியே இருக்கட்டும்.

குழியை மறைக்க பஃபிங் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். ஒரே நாளில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உண்மைதான். கூடவே கம்பெனி முத்திரையும் வரிசை எண்ணும் மழுங்கும். அந்த எண்தான் உங்கள் லைசென்சில் இருக்கிறது. அதை அழிப்பது தனிக் குற்றம். பளபளப்பான பழைய துப்பாக்கியைப் பார்த்தாலே எனக்கு மீசைக்கு டை அடித்த கிழவர் ஞாபகம்தான் வரும்.

பிடியின் திருகாணியைக் கழற்றும் முன் திருப்புளியின் நுனியைப் பாருங்கள். வீட்டுத் திருப்புளி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகாணித் தலையில் இருக்கும் வெட்டின், அதாவது காடியின், மேல் விளிம்பை மட்டும் கவ்வி வழுக்கி, உதட்டைப் பிய்த்துவிடும். நுனியை அரத்தால் இரு பக்கமும் இணையாக்கி, காடியின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் பொருந்தச் செய்துகொள்ளுங்கள். பிடிக்கு அடியில் பல வருஷ வியர்வை உப்பு ஒளிந்திருக்கும். அதைத் துடைத்தால் போதும், உள் எந்திரத்தைத் தொட வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் சிக்குப் பிடித்துக் கெட்டுவிடும். மெழுகு பூச விரும்பினால் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகப் பூசலாம்.

தோல் உறைக்குள் வைத்து மூடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து இரும்பிலேயே வைத்திருக்கும். பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பைகளோடு பூட்டிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். தோட்டா வேறு பெட்டியில். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி திறந்து பாருங்கள்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த அன்றே துடைத்து எண்ணெய் போடுங்கள். எத்தனை விரல் ரேகை ஏறியிருக்குமோ.