மனநல வார்டில் அட்மிஷன்: எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

இந்தியாவில் மனநல சிகிச்சைக்காக ஒருவரை உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கான விதிகள் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இல் இருக்கின்றன. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் உள்ளது. அரசு மருத்துவமனை, தனியார் நர்சிங் ஹோம், மருத்துவக் கல்லூரி மனநல வார்டு எல்லாம் அதற்குள் அடங்கும். குடி, போதை மறுவாழ்வு மையமும் அடங்கும். வீட்டார் பணம் கட்டிவிட்டார்கள் என்பதற்காக ஒருவரை வேனில் ஏற்றிக்கொண்டு போய் அடைத்துவைக்க எந்த மையத்துக்கும் அதிகாரம் கிடையாது. பதிவு பெறாமல் இப்படி ஒரு இடத்தை நடத்தவே கூடாது. சேரும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

அட்மிஷன் மேசையில் கையெழுத்துக்காக ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அது எந்தப் பிரிவின் கீழான படிவம் என்று கேளுங்கள். எப்போது வெளியே வரலாம், யார் சம்மதம் வேண்டும், யாரிடம் முறையிடலாம் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது.

தானாக முன்வந்து சேருவது 86-ஆம் பிரிவு. முடிந்தவரை எல்லா அட்மிஷனும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்கிறது சட்டம். சிகிச்சை எதற்கு என்று புரிந்துகொண்டு, கட்டாயம் ஏதுமின்றி, நீங்களே கேட்டுச் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் சிகிச்சை தரக் கூடாது. டிஸ்சார்ஜ் கேட்டால் உடனே அனுப்ப வேண்டும். விதிவிலக்கு ஒன்றுதான். உங்கள் முடிவை நீங்களே புரிந்துகொள்ள இயலாத நிலை, தனக்கோ பிறருக்கோ ஆபத்து, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால், 89-ஆம் பிரிவுக்கு மாற்ற வேண்டுமா என்று மதிப்பிட அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம். அந்த நேரம் எப்போது தொடங்கியது என்பதில்தான் தகராறு வரும். வாய்மொழியாக நர்ஸிடம் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. ஆகவே டிஸ்சார்ஜ் கோரிக்கையைத் தேதி, மணியோடு இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், அதை இன்னொருவர் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

89-ஆம் பிரிவு, முடிவெடுக்க மிக அதிக உதவி தேவைப்படுகிறவருக்கானது. விண்ணப்பிப்பவர் அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது முடிவெடுப்பதில் அவருக்குத் துணைநிற்பவர். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ, அன்றைக்கோ முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ள அண்மையில் முயன்றார் அல்லது மிரட்டினார், பிறரிடம் வன்முறையாக நடந்தார், தன்னைப் பராமரிக்க முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்ற மூன்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். 'பேச்சைக் கேட்பதில்லை', 'சொந்த விருப்பத்தில் கல்யாணம் செய்துகொண்டாள்', 'சொத்து விஷயத்தில் ஒத்துவரவில்லை' போன்றவை காரணங்களே அல்ல. முன்பு எப்போதோ மனநல சிகிச்சை எடுத்ததும் தனியாக ஒரு காரணமாகாது. மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றும் முடிவை ஒருவர் எடுப்பதால் மட்டும் அவர் முடிவெடுக்கும் திறன் இழந்தவர் ஆகிவிடமாட்டார் என்று சட்டமே சொல்கிறது.

இந்த அட்மிஷன் 30 நாள் வரை. சம்மதம் தரும் திறன் திரும்பியிருக்கிறதா என்று ஏழு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அட்மிஷன் விவரம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (இப்படிப்பட்ட அட்மிஷன்களைச் சரிபார்க்கவும் புகார்களைக் கேட்கவும் இச்சட்டத்தின் கீழ் உள்ள அமைப்பு) ஏழு நாட்களுக்குள், பெண்ணாகவோ 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவராகவோ இருந்தால் மூன்றே நாட்களுக்குள் போக வேண்டும். சேர்த்தது சரியல்ல என்று நீங்களோ உங்கள் பிரதிநிதியோ வாரியத்திடம் விண்ணப்பித்தால் ஏழு நாட்களில் அது முடிவு சொல்ல வேண்டும். 30 நாளைத் தாண்டினால் 90-ஆம் பிரிவு: இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனை, வாரியத்தின் அனுமதி இரண்டும் வேண்டும். முதலில் 90 நாள், பிறகு 120, பிறகு 180 என்று நீட்டிக்கலாம். அவசர சிகிச்சை என்று தொடங்கினால் அதற்கு 72 மணி நேரமே எல்லை. அதன் பேரில் மின்அதிர்வு சிகிச்சை (ஷாக் ட்ரீட்மென்ட்) தரவே முடியாது.

பிரதிநிதி யார் என்பதில் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. கணவர், அப்பா போன்ற உறவினர் பிரதிநிதியாகக் கருதப்படுவது, நீங்கள் யாரையும் நியமிக்காதபோதுதான். நன்றாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத்தாளில் 'இன்னாரை நியமிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவரும் எழுத்தில் சம்மதித்தால், சொந்தக்காரர்களைவிட அவருக்கே முன்னுரிமை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டிய அறிவுறுத்தலாக எழுதி வாரியத்தில் பதியவும் முடியும். ஆனால் அதை மருத்துவரிடம் காட்டுவது உங்கள், உங்கள் பிரதிநிதியின் பொறுப்பு. பீரோவில் கிடந்தால் பயனில்லை, அதற்காக மருத்துவரைக் குறை சொல்லவும் முடியாது. அவசர சிகிச்சையை அது கட்டுப்படுத்தாது.

பையில் என்ன இருக்க வேண்டும்? பழைய சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள் (பெயரும் மில்லிகிராமும் தெரிய), ஒவ்வாமைப் பட்டியல், அந்த நியமனக் கடிதம், காப்பீட்டு அட்டை. சர்க்கரை, தைராய்டு, வலிப்பு மாத்திரைகளைச் சொல்ல மறந்துவிடுவார்கள். வார்டில் அவை நின்றுபோய்ச் சிக்கலாவது அங்கிருந்துதான். லித்தியம் எடுப்பவர் கடைசி ரத்த அளவையும், க்ளோசபின் எடுப்பவர் கடைசி வெள்ளணு எண்ணிக்கையையும் கொண்டுவரட்டும். நாடா உள்ள உடை, பிளேடு, கண்ணாடிப் புட்டி ஆகியவற்றைப் பாதுகாப்புக்காக வாங்கிவைப்பது வழக்கம். வாங்கும் பொருள்களுக்கு ரசீது கேளுங்கள்.

உள்ளே போனபின் எந்தச் சட்டப்பிரிவில் சேர்த்தார்கள், நோய் என்ன, சிகிச்சைத் திட்டம் என்ன, பக்கவிளைவு என்ன என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். சொந்த உடை உடுத்தலாம். மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. கூலி தராமல் வேலை வாங்கவும் கூடாது. பொருத்தமான நேரங்களில் போன் பேசலாம், பார்க்க வருபவரை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். வழக்கறிஞர், நீதிபதி, வாரிய உறுப்பினர், பிரதிநிதி ஆகியோருடனான தொடர்பை மருத்துவமனை தடுக்க முடியாது.

சங்கிலியால் கட்டுவதற்கு எந்த வடிவிலும் தடை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்த மாநிலத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தனியறையில் அடைப்பதும் கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதித்து, கேஸ் ஷீட்டில் காரணத்தோடு பதிந்தால் மட்டும். 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். தண்டனைக்காகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ செய்யக் கூடாது. மின்அதிர்வு சிகிச்சை மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் தரப்பட்டால் அது சட்டவிரோதம். அதற்கான ஒப்புதலும், அட்மிஷன்போது வாங்கிய பொதுக் கையெழுத்தும் ஒன்றல்ல; வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

குறை இருந்தால் முதலில் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். சரியாகாவிட்டால் வாரியம். இலவச சட்ட உதவி உங்களுக்கு உரிமை. 15100 எண்ணில் சட்டப்பணிகள் ஆணையத்தைக் கேட்கலாம். அட்மிஷன் தேவையா என்றே குழப்பமாக இருந்தால் 14416 டெலி மானஸில் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) 24 மணி நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

டிஸ்சார்ஜ் நாளில் அவசரத்தில் நழுவிப்போவது கோப்புதான். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆகவே சம்மரியில் நோயறிதல், சேர்த்த பிரிவு, மருந்தின் அளவு, அடுத்து பார்க்க வேண்டிய மருத்துவர், தேதி இருக்கிறதா என்று கிளம்பும் முன் படியுங்கள். மனநோய் என்பதற்காக மட்டும் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், உடல்நோய்க்கு இணையாகவே காப்பீடு தர வேண்டும் என்கிற 21-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கேளுங்கள்.