முதல் வெளிநாட்டுக் குடும்பச் சுற்றுலா: எத்தனை நாள் போகலாம்?

முதல்முறை குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் எந்த ஊர் என்பதை யோசித்து முடிவு செய்கிறார்கள். எத்தனை நாள் என்பதை மட்டும் டூர் கம்பெனிக்காரர் சொல்லும் "5 இரவு 6 நாள்" கணக்குக்கு விட்டுவிடுகிறார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாகப் போட்ட கணக்கு அது. உங்கள் வீட்டுக்கான கணக்கை நீங்களே போடலாம். ஒரு மாலை நேரமும் ஒரு காலண்டரும் போதும்.

மதுரையில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 8 வயது மகள், மூட்டுவலியுள்ள 68 வயதுத் தாத்தா. போக நினைக்கும் ஊர் சிங்கப்பூர்.

படி 1: லீவைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

ஒரு சனிக்கிழமை முதல் அடுத்த வார ஞாயிறு வரை 9 நாள் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஞாயிற்றுக்கிழமையை முதலில் அடித்துவிடுங்கள். துணி துவைக்க, மகளின் பள்ளிப் பையை எடுத்து வைக்க, தூங்க அந்த நாள் வேண்டும். ஞாயிறு நள்ளிரவில் வீடு வந்து திங்கள் காலையில் வேலைக்கு ஓடுவது பயணத்தின் சுகத்தையே கெடுத்துவிடும். முதல் சனிக்கிழமை பெட்டி கட்டவும், திருச்சி விமான நிலையம் போகவும் சரியாக இருக்கும். ஆக, கையில் மிஞ்சுவது ஞாயிறு முதல் சனி வரை 7 தேதிகள்.

படி 2: தேதிகளை முழு நாட்களாக மாற்றுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். இரவு 11 மணிக்கு விமானம் ஏறினால், நாலேகால் மணி நேரப் பயணம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இறங்கும்போது அங்கே மணி 5.45. நம் உடம்புக்கோ அப்போது விடியற்காலை மூணேகால். குடியேற்றச் சோதனை முடிந்து, பெட்டி எடுத்து, ஹோட்டலுக்குப் போனால் ஏழரை, எட்டு ஆகும். அறையோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள். தூக்கம் கலையாத குழந்தையும் கால் வீங்கிய தாத்தாவும் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த நாளை அரை நாளாக மட்டும் எண்ணுங்கள். கிளம்பும் நாளும் அப்படியே: காலை 11, 12 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும்.

ஆக, 7 தேதியில் முழு நாள் 5, அரை நாள் 2. பேக்கேஜ் விளம்பரத்தையும் இதே மாதிரி பிரித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் இரவையும் அவர்கள் ஒரு நாளாக எண்ணியிருந்தால், "6 நாள்" என்பதில் முழு நாள் மூன்றுதான் தேறும்.

படி 3: வீட்டில் மெதுவாக நடப்பவரை வைத்துத் திட்டம் போடுங்கள்

பார்க்க வேண்டிய இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "கனம்", "லேசு" என்று குறியுங்கள். யூனிவர்சல் ஸ்டுடியோஸ் என்ற கேளிக்கைப் பூங்கா கனம்: நாள் முழுக்க வெயிலிலும் வரிசையிலும் நிற்க வேண்டும். மண்டாய் மிருகக்காட்சிசாலையும் இரவுச் சஃபாரியும் சேர்ந்தால் அதுவும் கனம். ஊர் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது, சஃபாரி இருட்டிய பிறகுதான் தொடங்கும், அறைக்குத் திரும்ப ராத்திரி பதினொன்று ஆகிவிடும். லிட்டில் இந்தியாவில் வீரமாகாளியம்மன் கோவில், அப்படியே சாப்பாடு, முஸ்தபா கடையில் கொஞ்சம் சாமான் என்றால் லேசு.

ஒரு கன நாளுக்கு அடுத்து ஒரு லேசான நாள் வந்தே ஆக வேண்டும். நம் குடும்பத்துக்கு இப்படி அமைகிறது:

ஞாயிறு: ஓய்வு, மாலையில் லிட்டில் இந்தியா.
திங்கள்: கார்டன்ஸ் பை த பே என்ற பெரிய பூங்கா. மதியத்துக்கு மேல் போனால் செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் குளிர்கூடங்களைப் பார்த்துவிட்டு 7.45 மணி ஒளிக்காட்சிக்கு அங்கேயே உட்காரலாம்.
செவ்வாய்: யூனிவர்சல்.
புதன்: தாமதமாக எழுந்து, சைனாடவுனில் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோவில்.
வியாழன்: மண்டாய்.
வெள்ளி: எதுவும் போடாதீர்கள். மழை பெய்து ஒரு நாள் கெட்டாலோ, மகளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, விட்டுப்போன இடத்தை இங்கே நகர்த்தலாம்.
சனி: சாங்கி விமான நிலையத்து ஜுவல் கட்டடத்துக்குள் இருக்கும் அருவி, பிறகு விமானம்.

இந்த வெள்ளிக்கிழமையைப் பார்த்ததும், "சும்மாதானே இருக்கிறது, கோலாலம்பூரையும் சேர்க்கலாமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அடுத்த படி அதற்குத்தான்.

படி 4: ஊர் மாறுவதற்கு விலை போடுங்கள்

சிங்கப்பூர்–கோலாலம்பூர் விமானம் ஒரு மணி நேரம்தான். ஆனால் பெட்டி கட்டி, அறை காலி செய்து, விமான நிலையத்தில் காத்திருந்து, புது அறை வாங்குவதற்குள் பகல் போய்விடும். பஸ்ஸில் 5, 6 மணி நேரம். பத்துமலையில் 272 படி ஏறப்போகும் தாத்தாவுக்கு முதல்நாள் ஓய்வும் வேண்டும். ஓர் ஊரில் குறைந்தது 3 இரவு தங்க முடியாவிட்டால் அந்த ஊரைச் சேர்க்காதீர்கள். மலேசியாவுக்கு இன்னொரு லீவில் தனியாகப் போகலாம்.

படி 5: தூரம் கூடினால் நாளும் கூட வேண்டும்

ஜப்பான் மூன்றரை மணி நேரம்தான் முன்னால், உடம்பு சீக்கிரம் பழகிவிடும். ஆனால் பயணமே ஒரு நாளைத் தின்னும். 8 முழு நாளுக்குக் குறைந்தால் எனக்குச் சம்மதமில்லை. பாரிஸ், சுவிட்சர்லாந்து பக்கம் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே பத்து நாளாவது வேண்டும். சுவிட்சர்லாந்தில் ரயில், பஸ்ஸில் போக வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள் என்றுதான் கிடைக்கும், எனவே அந்நாட்டில் தங்கும் நாளை அதற்கு ஒட்டி வைத்தால் பணம் வீணாகாது. அமெரிக்கா என்றால் பகல் இரவே தலைகீழ். தூக்கம் சீராகவே நாலைந்து நாள் பிடிக்கும் என்பதால், இரண்டு வாரத்துக்குக் குறைவாகக் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிப் போவது பாவம்.

படி 6: பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

டிக்கெட், விசா, காப்பீடு ஆகியவை 4 நாள் போனாலும் 7 நாள் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அறை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு, டாக்ஸி எல்லாம் நாளுக்கு நாள் ஏறும். மொத்தம் 3,25,000 ரூபாய், முதல் வகைக்கு 1,15,000, இரவுத் தங்கலோடு ஒரு நாள் செலவு 35,000 என்று வைத்துக்கொண்டால், மீதி 2,10,000-ஐ 35,000-ஆல் வகுக்க, 6 இரவு வருகிறது. படி 2-இல் வந்த 7 தேதிகளுக்கு நடுவிலும் 6 இரவுதான், சரி. பணக் கணக்கு குறைவாக வந்தால் நாளைக் குறைப்பதற்கு முன் யூனிவர்சல் மாதிரி விலை கூடிய ஓர் இடத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

படி 7: காகிதங்களைச் சரிபாருங்கள்

பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதக் காலம் பாக்கி இருக்க வேண்டும். ஐரோப்பாவில் பல நாடு போனால், அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கேட்க வேண்டும். எனவே எந்த ஊரில் எத்தனை இரவு என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். காப்பீடு வீட்டை விட்டுக் கிளம்பும் நாள் முதல் திரும்பும் நாள் வரை இருக்கட்டும். தாத்தாவின் பிரஷர் மாத்திரையை மருந்துச் சீட்டோடு, ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கைப்பையில் வையுங்கள்.

இவ்வளவும் ஒத்துவந்த பிறகு டிக்கெட் தேடுங்கள். கிளம்பும் தேதியை ஒரு நாள் முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். நான்கு பேருக்குச் சேர்த்து மிச்சமாகும் தொகை ஒரு நாள் அறை வாடகைக்கு மேல் போனால், அலுவலகத்தில் இன்னொரு நாள் லீவு கேட்பது லாபம்.