குடியால் வந்த நெஞ்செரிச்சல்: எனக்குக் கேட்ட வழி

வெறும் வயிற்றில் இறங்கும் பிராந்தி இரைப்பையின் உள்சவ்வைப் புண்ணாக்கும். உணவுக்குழாயின் அடிவாயையும் தளர்த்திவிடும். படுத்ததும் புளித்த நீர் தொண்டைக்கு ஏறுவது அதனால்தான். பால் குடித்தால் சற்று அடங்கும், பிறகு அமிலம் கூடும்.

முதலில் குடியை அடியோடு நிறுத்தினேன். தினமும் குடிப்பவர்கள் மருத்துவர் துணையில்லாமல் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவர் எழுதியபடி, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை பான்டோபிரசோல் 40 மி.கி., காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, 4 வாரம். சாப்பிட்டபின் போட்டால் பலன் குறைவு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல், சுமார் 15 செ.மீ. உயரம். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும்.

குடித்த மறுநாள் வரும் தலைவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். புண்ணில் ரத்தம் கசியும். தார்போல் கறுத்து மலம் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.