15 டாலர் ஷிராஸும் மிளகுக் கறியும்

வாங்கி வந்த ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பாட்டிலை முதலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு மணி நேரமாவது. சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது குளிர்நாட்டுக்காரர்களின் பேச்சு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜனவரி மாதக் கோடையில் எங்கள் சமையலறை 30 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும், பழ வாசனை வராது. 16 முதல் 18 டிகிரி இருந்தால் போதும். பாட்டிலைத் தொட்டால் பானைத் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், ஐஸ் தண்ணீர் மாதிரி அல்ல. இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். பரோசாவில் ஒயின் ஆலையில் காலமெல்லாம் பீப்பாய் உருட்டியவர்.

எந்த பாட்டில்? 12 முதல் 18 டாலருக்குள் ஒரு ஷிராஸ். அதற்கு மேல் முதலில் செலவு செய்யாதீர்கள். ஆஸ்திரேலியாவில் மிக அதிகம் பயிராகும் சிவப்புத் திராட்சை இதுதான். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் சேகரித்த திராட்சைப் போத்துகள் 1832இல் சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஷிராஸும் உண்டு. லேபிளில் 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று இருந்தால், பல மாநிலத் தோட்டங்களின் பழம் கலந்திருக்கலாம் என்று பொருள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், இன்னும் இரண்டு மாநிலங்களின் பகுதிகளும் அந்தப் பெயருக்குள் அடங்கும். குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் ஊர் மணம் தெரியாது. பரோசா, மெக்லாரன் வேல் என்று ஒரே ஊர்ப்பெயர் போட்டிருந்தால் குறைந்தது 85 சதவீதம் பழம் அங்கே விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டும் வெயில் ஊர்கள். ஒயினும் கனிந்த பழம்போல, ஜாம் வாசனையோடு இருக்கும். விக்டோரியாவில் கிராம்பியன்ஸ் மாதிரிக் குளிர்ந்த இடத்துப் பழமாக இருந்தால் மிளகு வாசனை வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

மிளகு என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகுக்கும் ஷிராஸுக்கும் அந்த மணத்தைத் தருகிறது. இங்கே அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் இதை வெளியிட்டார்கள். வீட்டிலேயே பார்க்கலாம்: நாலு மிளகை உரலில் தட்டி முகருங்கள். கொஞ்சம் பொறுத்து, கால் கிளாஸ் ஊற்றிய ஒயினை ஒரு சுழற்றுச் சுழற்றி முகருங்கள். கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம், ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியாதாம். என் வீட்டுக்காரர் அந்த ஐந்தில் ஒருவர். உரலையே மூக்கில் வைத்தாலும் "காரமா இருக்கும்னு தெரியுது, வாசனை எங்க?" என்பார்.

அடுத்தது நாக்கு. முதல் வாயில் ஈறு இழுக்கும், நாக்கு உலரும். நமக்கு அது புதிதல்ல, துவர்ப்பு. நாவல்பழம் தின்றால் வருவதுதான். நாவல்பழத்துக்கு ஏன் உப்புத் தொட்டுக்கொள்கிறோம்? உப்பு பட்டால் துவர்ப்பு அடங்கும். கொழுப்பும் இறைச்சியும் அதே வேலையைச் செய்யும். சிவப்பு ஒயினுக்குச் சாப்பாடு தேட இந்த ஒரு பாடம் போதும்: உப்பு, கொழுப்பு, மிளகு.

நான் செய்வது இதுதான். ஆட்டின் முன்தொடை சாப்ஸ் நாலு வாங்குவேன், விலா சாப்ஸைவிட விலை குறைவு, கொழுப்பும் அதிகம். சமைக்க ஒரு மணி நேரம் முன்பே உப்புத் தடவி வைப்பேன். இரண்டு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சோம்பு, ஐந்து பல் பூண்டு, எல்லாம் ஒன்றிரண்டாகத் தட்டியது. இரும்புக் கல் நன்றாகக் காய்ந்ததும் கொழுப்பு ஓரத்தை முதலில் கல்லில் நிறுத்திப் பிடிப்பேன். கொழுப்பு உருகி வரும், அதிலேயே இரண்டு பக்கமும் சிவக்க விடுவேன். மிளகுக் கலவை கடைசி இரண்டு நிமிடத்தில்தான், முன்பே போட்டால் கருகிக் கசக்கும். இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஒரு வாய் கறி, பிறகு ஒரு வாய் ஒயின். இரண்டாவது வாயில் அந்த வறட்சி போய்ப் பழம் மேலே வரும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது சந்தோஷம்தான்.

மிளகாய் வேண்டவே வேண்டாம். முதன்முதலில் நாங்கள் சிக்கன் 65 வைத்துக்கொண்டு திறந்தோம், தொண்டை எரிந்து பாதியில் வைத்துவிட்டோம். 14 சதவீத ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். புளிக்குழம்புக்குப் பக்கத்தில் ஒயின் சப்பென்று ஆகிவிடும், இனிப்புப் பண்டத்தோடு குடித்தால் கசக்கும். கறி சாப்பிடாதவர்கள் காளானை வெண்ணெயில் உப்பும் மிளகும் தூக்கலாகப் போட்டு வறுக்கலாம், முதிர்ந்த செடார் சீஸும் நன்றாகச் சேரும்.

அளவு தெரிந்து ஊற்றுங்கள். பாட்டிலின் பின்லேபிளில் 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' கணக்கு இருக்கும், ஒன்று என்றால் 10 கிராம் ஆல்கஹால். 14 சதவீத ஒயின் 750 மில்லியில் அது 8.3. வாரத்துக்கு 10க்கு மேல் வேண்டாம், ஒரே நாளில் 4க்கு மேல் வேண்டாம் என்பது இந்த நாட்டு மருத்துவ வழிகாட்டல். 150 மில்லி கிளாஸ் ஒன்றே 1.7 ஆகிவிடும். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று, அதற்கப்புறம் யாரும் கார் சாவியைத் தொடுவதில்லை.

மிச்சத்தைத் திருகுமூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் மீந்திருப்பதைக் கறி வறுத்த கல்லில் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சுண்டவைத்தால் அடுத்த சாப்ஸுக்குக் குழம்பு ஆயிற்று.