ஓரிதழ்த் தாமரைக்கு ஒரு தாள்

கல்லூரி ஆய்வகத்தில் இருபத்தைந்து வருடமாகச் செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிச் சேமிக்கிறவன் நான். போன மாதம் அலமாரியைத் துடைத்தபோது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒட்டிய ஓரிதழ்த் தாமரைத் தாள் ஒன்று கையில் வந்தது. செடி அப்படியே இருக்கிறது. சீட்டில் "மதுரை, 5-11" என்று மட்டும் என் கையெழுத்து. மதுரையில் எங்கே? மே மாதமா, நவம்பரா? எந்த வருடம்? எழுதிய எனக்கே தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், முதலில் நோட்டில் குறிப்பு, அப்புறம்தான் செடி.

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் மதுரைப் பக்கத்து நாகமலை அடிவாரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தாமரை என்ற பெயரை நம்பித் தேடினால் கண்ணில் படாது. புல்லோடு புல்லாக ஒரு சாண் உயரத்தில் நிற்கும். இளஞ்சிவப்பில் ஒரே ஓர் இதழ் நாக்கு மாதிரி தொங்கும். உண்மையில் இதழ் ஐந்து; மற்ற நான்கும் பொடிசு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். காய்ந்தால் இந்த நிறம் போய்விடும். ஆகவே பறிப்பதற்கு முன்பே நிறத்தை எழுதுங்கள்.

"நாகமலை" என்று மட்டும் எழுதினால் போதாது, அது பல கிலோமீட்டர் நீளம். எந்த ஊர்ப் பக்கம், எந்தச் சரிவு, கண்மாய்க் கரையிலிருந்து எவ்வளவு தூரம், கூடவே போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை. மாதத்தை எழுத்தில், வருடத்தை நான்கு இலக்கத்தில். பறிக்கிற ஒவ்வொன்றுக்கும் வரிசையாக நீங்கள் தரும் சேகரிப்பு எண் ஒரு முறை போட்டால் போட்டதுதான், இன்னொரு செடிக்கு அதைத் தராதீர்கள்.

பட்டா நிலமென்றால் சொந்தக்காரரைக் கேளுங்கள். அழகர்மலை மாதிரி காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். மருந்துக்காக ஏற்கெனவே வேரோடு பிடுங்கப்படுகிற செடி இது. ஏராளமாக நின்றால் மட்டும் ஒன்றிரண்டு எடுங்கள். வேர், பூ, காய் மூன்றும் இருக்க வேண்டும்.

செய்தித்தாளுக்குள் விரித்து, ஓர் இலையையாவது அடிப்பக்கம் தெரியத் திருப்பி வையுங்கள். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துப் பழைய சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டுங்கள். வழவழப்பான விளம்பரத் தாள் ஆகாது, ஈரம் இழுக்காது. அடைமழைக் காலத்தில் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சணம்தான். காய் மூன்றாகப் பிளந்து விதை கொட்டும். பொறுக்கிச் சின்னக் காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டிவிடுங்கள். தாள் 42 × 28 சென்டிமீட்டர், கெட்டியானது. தண்டு மரம்போல் தடித்திருந்தால் பசை நிற்காது, வெள்ளை நூலால் தைக்க வேண்டும்.

அறிவியல் பெயர்தான் தலைவலி. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை வயோலா என்ற பேரினத்தில் வைத்தார். பிறகு அயோனிடியம், ஹைபாந்தஸ் என்று மாறி, 2015இல் ஆஃப்ரோஹைபாந்தஸ் ஆனது. பழைய தாளில் இருக்கும் பெயரை அடிக்காதீர்கள். புதுப் பெயர், உங்கள் பெயர், தேதி எழுதிய துண்டுச் சீட்டைப் பக்கத்தில் ஒட்டினால் போதும். கணினியில் ஏற்றும்போதும் சீட்டில் உள்ளதை அப்படியே ஒரு கட்டத்திலும், இன்றைய பெயரை வேறு கட்டத்திலும் ஏற்றுங்கள்.

சரி, என் தாளை என்ன செய்தேன்? "நாகமலை, நவம்பர்" என்று எழுதிவிடக் கை துறுதுறுத்தது. அந்தக் காலத்தில் நான் அங்கேதான் அதிகம் சுற்றினேன். ஆனாலும் அது ஊகம்தானே. "இடம், ஆண்டு தெரியவில்லை" என்று பென்சிலால் எழுதி, இன்றைய தேதி போட்டு அலமாரியில் திரும்ப வைத்துவிட்டேன்.